திரைக்கதையில் பட்டமேற்படிப்பு: சிங்கப்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வசந்தம் ஒளிவழியின் நாடகங்களுக்கு எழுதியவர்கள், மேடை நாடகக் குழுக்களில் பழகியவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகம் படித்தவர்கள், பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு இரவில் கதை எழுதுபவர்கள் எனப் பலரும் திரைக்கதையை முறையாகப் படிப்பது பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. கட்டணங்களும் விண்ணப்ப நாள்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்பதால், அவற்றை அந்தந்தக் கல்வி நிலையத்திடமே கேட்டறிய வேண்டும். எளிதில் மாறாதவற்றையும், விளம்பரக் கையேடுகளில் இடம்பெறாதவற்றையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நூல்களிலேயே எல்லாம் இருக்கும்போது திரைக்கதையை எதற்காகப் பட்டமேற்படிப்பாகப் படிக்க வேண்டும்?

மூன்று அங்கம், திருப்பம், முரண், கதைமாந்தரின் தேவை போன்ற இலக்கணமெல்லாம் நூல்களில் இருப்பது உண்மைதான். ஒரு நல்ல நூலை ஒரு வார இறுதியில் படித்து முடித்துவிடலாம். அதற்காக ஆயிரக்கணக்கான வெள்ளியைச் செலவிட வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 37ஆம் பக்கத்தில் தனக்கு ஆர்வம் போய்விட்டது என்று எந்த நூலும் உங்களிடம் சொல்லாது. பட்டமேற்படிப்பில் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் அதைத்தான்: உங்கள் பக்கங்களை வரிவரியாகப் படிக்கிற சிலர், அவர்கள் சொன்னதைக் கேட்டபின் திருத்தி எழுதியே தீர வேண்டிய கெடு, திருத்தியதைப் படிக்க மறுபடியும் அதே ஆட்கள். நண்பர்களிடம் கொடுத்தால் "நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். பாதிப் பேர் படித்திருக்கவே மாட்டார்கள். உங்களைக் கடுமையாகப் படிக்கக்கூடிய நான்கு பேரும், சொன்ன நாளில் எழுதி முடிக்கும் பழக்கமும் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால், பட்டம் இல்லாமலேயே நீங்கள் வெகுதூரம் போகலாம்.

வகுப்பில் உண்மையில் என்ன செய்வார்கள்?

முதலில் ஒருவரிக் கதை, பிறகு ஓரிரு பக்கச் சுருக்கம், பிறகு பத்து இருபது பக்கங்களில் வசனம் இல்லாமல் கதை முழுவதையும் சொல்லும் ட்ரீட்மென்ட், அதன்பின் காட்சி வரிசை, அதற்கும் பிறகுதான் முழுத் திரைக்கதையின் முதல் படி, அதாவது முதல் வரைவு, என்று பெரும்பாலான பள்ளிகளில் வேலை படிப்படியாக நகரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரும் சக மாணவர்களும் குறிப்பு தருவார்கள். முழுநீளப் படத்துக்கு 90 முதல் 120 பக்கங்கள் என்பது வழக்கம். அத்தகைய திரைக்கதை ஒன்றையோ இரண்டையோ, அத்துடன் ஒரு தொலைக்காட்சித் தொடரின் முதல் அத்தியாயத்தையும் அந்தத் தொடரைப் பற்றிய விரிவான ஆவணத்தையும் முடித்த பிறகே மாணவரை வெளியே அனுப்புவார்கள்.

பயிலரங்கு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்ன எடுத்துக்காட்டு. வேலை போய்விட்ட 29 வயது மகன் வீட்டுக்கு வருகிறான். அம்மாவிடம் சொல்ல வேண்டும். முதல் படியில் பெரும்பாலோர் இப்படித்தான் எழுதுவார்கள்:

மகன்: அம்மா, எனக்கு வேலை போயிடுச்சும்மா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல.
அம்மா: ஐயோ, இனிமே என்னப்பா செய்யப் போற?

இதில் தவறு என்று ஒன்றும் இல்லை, ஆனால் நடிப்பதற்கும் ஒன்றும் இல்லை. ஆசிரியர் இரண்டே நிபந்தனைகள் விதிப்பார்: வேலை என்ற சொல் வரக்கூடாது, காட்சி முடிவதற்குள் அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் மாணவர் கொண்டுவருவது இது:

செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி. அம்மா அடுப்பில் புளிக்குழம்பைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். கதவு திறக்கும் ஓசை.
அம்மா: (திரும்பாமல்) என்னப்பா, இன்னைக்கு ஹாஃப் டேயா?
மகன்: ஆமாம்மா.
அலுவலக அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, பழைய மின்கட்டண ரசீதுகள் கிடக்கும் இழுப்பறைக்குள் போட்டு மூடுகிறான். அம்மா அந்த ஓசைக்குத் திரும்பிப் பார்க்கிறார்.
அம்மா: நாளைக்கு?
மகன்: நாளைக்கும்தான்.
அம்மா இன்னொரு குவளை அரிசியை அளந்து போடுகிறார்.

நாள், நேரம், இழுப்பறை, அரிசி ஆகிய நான்கும் சேர்ந்து, முன்பு இரண்டு வசனங்கள் செய்த வேலையைச் செய்துவிடுகின்றன. இரண்டாவது படிக்கும் குறை சொல்வார்கள் என்பது வேறு விஷயம். கடைசி அரிசி அழகுக்காகச் சேர்த்ததா, அம்மாவின் குணத்திலிருந்து வந்ததா என்று எவரேனும் கேட்பார், அதற்கு விடை சொல்ல முடியாவிட்டால் அந்த வரியை எடுத்துவிட வேண்டியதுதான்.

இதே காட்சியை லண்டனிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ படிக்கக் கொடுத்தால் வேறொரு கேள்வி வரும்: 29 வயது ஆண் ஏன் இன்னும் அம்மாவுடன் இருக்கிறான், அவனுக்கு ஏதாவது குறையா? திருமணமாகாத ஒருவர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்க 35 வயதாக வேண்டும் என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஒருவருக்கும் தெரியாது. அதை வசனமாக எழுதி விளக்கினால் சிங்கப்பூர் ரசிகர் சலித்துக்கொள்வார், விளக்காமல் விட்டால் வெளிநாட்டு வாசகர் மகனைத் தவறாக எடைபோடுவார். இந்த இரண்டு வாசகர்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு காட்சியை அமைக்கப் பழகுவதே வெளிநாட்டில் படிப்பதால் கிடைக்கும் முதன்மையான பயன் என்பது என் கருத்து.

சிங்கப்பூரிலேயே படிக்க முடியாதா?

திரைக்கதைக்கென்றே தனியாக ஒரு பட்டமேற்படிப்பு வேண்டுமென்றால் இங்கே வழி குறுகலானது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப் பள்ளி 2007இல் இங்கே ஒரு கிளையைத் தொடங்கித் திரைப்படம், நாடக எழுத்து போன்றவற்றில் முதுநிலைப் பட்டங்கள் வழங்கியது. செலவு தாங்காமல் 2015இல் அது மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்தை அப்படியே நிரப்பும் படிப்பு ஒன்றும் வரவில்லை.

இப்போது இருப்பவை அருகாமைத் துறைகளைச் சேர்ந்தவை. லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இணைந்து 2024இல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகமாகின. லாசாலின் படைப்பெழுத்து முதுகலைப் படிப்பு ஆங்கிலத்தில் பல வகை எழுத்துகளைத் தழுவியது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்பு, ஊடகப் பள்ளியில் ஆய்வுப் பட்டங்களுக்கு இடம் உண்டு. தமிழில் திரைக்கதைக்கான பட்டமேற்படிப்பு சிங்கப்பூரில் இல்லை. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு மொழியில் நல்ல அடித்தளம் தரும், ஆனால் அது இளநிலைப் படிப்பு. அதன் நோக்கமும் வேறு.

வெளிநாட்டில் எங்கெல்லாம் போகலாம்?

பிரிட்டனில் தேசியத் திரைப்பட, தொலைக்காட்சிப் பள்ளி திரைக்கதைக்கு ஈராண்டு முதுகலைப் படிப்பும், லண்டன் ஃபிலிம் ஸ்கூல் ஓராண்டு முதுகலைப் படிப்பும் நடத்துகின்றன. அமெரிக்காவில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பள்ளி, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகம், தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், நியூயார்க்கில் கொலம்பியா ஆகியவை நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விக்டோரியன் கலைக் கல்லூரியில் திரைக்கதைக்கென முதுநிலைப் பட்டம் உண்டு. விமானப் பயணத்தையும் நேர வேறுபாட்டையும் கணக்கிட்டால் சிங்கப்பூரருக்கு அதுவே வசதி.

பள்ளிகளின் பெயரைவிட அவற்றின் இயல்பைப் பார்க்க வேண்டும். அமெரிக்கத் திரைப்படக் கழகம் போன்ற இடங்களில் எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், கலை வடிவமைப்பாளர் எல்லாரும் ஒரே வளாகத்தில் பயில்வதால், நீங்கள் எழுதிய குறும்படத்தை வேறொருவர் எடுத்து, வேறொருவர் வெட்டி ஒட்டி, நீங்கள் உயிராக நினைத்த காட்சி இல்லாமலேயே அது நன்றாக ஓடுவதைப் பார்க்க நேரும். பல்கலைக்கழகத்தின் இலக்கியத் துறைக்குள் நடக்கும் படிப்பில் அந்த அனுபவம் கிடைக்காது. அதற்குப் பதிலாக வாசிப்பும் ஆய்வும் ஆழமாக இருக்கும். தனியே உட்கார்ந்து எழுதவே விரும்புகிறவர்கள் கூட்டு வேலை மிகுந்த பள்ளியில் திணறிப்போவதும் உண்டு.

இந்தியாவில் படித்தால் செலவு குறையுமே?

குறையும். புனேயில் 1960இல் தொடங்கப்பட்ட இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தில் திரைக்கதைக்கெனத் தனிப் படிப்பு உண்டு; கொல்கத்தாவின் சத்யஜித் ராய் கழகத்தையும் பார்க்கலாம். இரண்டும் இந்திய அரசின் தகவல், ஒலிபரப்பு அமைச்சின்கீழ் இயங்குபவை. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு உண்டு. வெளிநாட்டினருக்குரிய விதிகளைத் தனியாகக் கேட்டறிய வேண்டும். சென்னைத் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் இயக்கமும் திரைக்கதையும் சேர்ந்த படிப்பு இளநிலைப் பட்டமாகவே வழங்கப்படுகிறது என்பதால், ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சென்னையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே திரைக்கதை பெரும்பாலும் பேச்சில் உருவாகிறது: இயக்குநரும் உதவி இயக்குநர்களும் ஓர் அறையில் வாரக்கணக்கில் உட்கார்ந்து நடத்தும் கதை விவாதம், நடிகரிடமும் தயாரிப்பாளரிடமும் வாயால் கதை சொல்லும் திறமை, 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' என்று நான்கும் ஒருவர் பெயரிலேயே வரும் வழக்கம். அந்த உலகில் நுழைய விரும்புகிறவருக்கு எந்தப் பட்டத்தையும்விட ஓர் இயக்குநரிடம் உதவியாளராகச் சேர்வதே நேர்வழி. சிங்கப்பூரிலும் மேலை நாடுகளிலும் முடிவெடுப்பவர்கள் காகிதத்தைப் படித்துவிட்டு முடிவெடுப்பார்கள். பட்டமேற்படிப்பு பழக்குவதும் அதைத்தான்.

எம்.ஏ., எம்.எஃப்.ஏ., முனைவர் பட்டம் ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?

பிரிட்டனில் எம்.ஏ. பெரும்பாலும் ஓராண்டு. அமெரிக்காவின் எம்.எஃப்.ஏ. எனும் நுண்கலை முதுநிலைப் பட்டம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் நீடிக்கும்; படைப்புக் கலைகளில் அதுவே இறுதிப் பட்டமாகக் கருதப்படுவதால் அங்கே பல்கலைக்கழகத்தில் கற்பிக்கவும் அது தகுதியாகிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு முழுத் திரைக்கதையையும் அதைப் பற்றிய ஆய்வுரையையும் சேர்த்துச் சமர்ப்பித்து முனைவர் பட்டம் பெறலாம். கற்பிக்கும் எண்ணம் இல்லாதவருக்கு அது தேவையில்லை.

விண்ணப்பத்தில் எதைக் கூர்ந்து பார்க்கிறார்கள்?

எழுத்து மாதிரியை. மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், தன்னைப் பற்றிய கட்டுரை எல்லாம் கேட்பார்கள், ஆனால் முடிவு மாதிரியில்தான் இருக்கிறது. இளநிலையில் திரைப்படம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. பொறியியல், தாதிமை, கணக்கியல் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கு எழுதுவதற்கு ஓர் உலகம் கையில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

தன்னைப் பற்றிய கட்டுரையில் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது, சிறு வயதில் தாத்தாவோடு படம் பார்த்ததிலிருந்து தொடங்குவது. தேர்வுக் குழுவினர் அந்தத் தாத்தாவை நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் பார்த்துவிட்டார்கள். நீங்கள் எழுத நினைக்கும் கதை எது, அது ஏன் உங்களுக்குக் கைவரும், இதுவரை எழுதியதில் எங்கே தடைப்பட்டு நிற்கிறீர்கள் என்று நேரடியாக எழுதினாலே போதும். பல அமெரிக்கப் பள்ளிகளின் கெடு நவம்பர், டிசம்பர் மாதங்களில் முடிந்துவிடும் என்பதால், மாதிரியை ஆண்டின் நடுப்பகுதியிலேயே ஒரு முழுச் சுற்றுத் திருத்தி வைத்திருப்பது நல்லது.

தமிழில் எழுதிய மாதிரியை அனுப்பலாமா?

இந்தியாவுக்கு வெளியே உள்ள பள்ளிகள் ஆங்கிலத்தில்தான் படிக்கும். இந்தியாவின் அரசுக் கழகங்களிலும் வகுப்பு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஆகவே காட்சி விவரணையையும் வசனத்தையும் ஆங்கிலத்தில் எழுதி, கதைமாந்தர் தமிழில் பேசுகிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே குறித்துவிடுவது வழக்கம். இதில் ஓர் ஆபத்து உண்டு. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லாக் கதைமாந்தரும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைக்காரரும், ஈசூனில் பிறந்து வளர்ந்த பதின்ம வயதுப் பெண்ணும், தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சி விற்பவரும் ஒரே பாடநூலிலிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். முதலில் வசனத்தைத் தமிழிலேயே எழுதி, வாய்விட்டுப் படித்துப் பார்த்து, அதன்பின் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது நேரம் பிடிக்கும் வேலைதான், என்றாலும் பலன் தரும்.

சிங்கப்பூர்த் தயாரிப்புகளிலும் இந்த இருமொழி நிலை தொடர்கிறது. படப்பிடிப்புக் குழுவில் தமிழ் தெரியாதவர்களும் இருப்பதால் விவரணை ஆங்கிலத்திலும் வசனம் தமிழிலும் அமைவது சாதாரணம்.

ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்கிறார்களே, அது தமிழுக்குப் பொருந்துமா?

பொருந்தாது. அந்தக் கணக்கு கூரியர் எழுத்துருவில், 12 புள்ளி அளவில், ஆங்கிலத்தில் எழுதிய பக்கத்துக்கு உரியது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால்தான் அது ஓரளவு சரியாக வருகிறது. தமிழ் எழுத்துருக்களில் எழுத்துக்கு எழுத்து அகலம் மாறும், சொற்களும் நீளமானவை. சென்னையில் பழக்கத்தில் உள்ள, இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாக எழுதும் இரண்டு பத்தி முறையில் பக்கக் கணக்கு இன்னும் மாறிப்போகும். கைப்பேசியில் கடிகாரத்தை ஓடவிட்டு, வசனத்தைப் பேசும் வேகத்தில் படித்து, அசைவுகளுக்குக் கண்ணை மூடி நேரம் விட்டு அளப்பதே நம்பகமான வழி. திரைக்கதை மென்பொருள் வாங்குவதற்கு முன் அதில் தமிழ் யுனிகோடு எழுத்துகள் உடையாமல் வருகின்றனவா, பிடிஎஃப் ஆக்கும்போதும் சரியாக இருக்கின்றனவா என்று இலவசப் பதிப்பில் சோதித்துப் பாருங்கள்.

செலவுக்கு என்ன வழி?

மேலை நாடுகளில் ஈராண்டுப் படிப்பு என்றால் கட்டணம், வாடகை, காப்புறுதி எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பத்தின் சேமிப்பைக் கரைத்துவிடும் அளவுக்கு ஆகும் என்பதை மறைக்கத் தேவையில்லை. தேசியக் கலைகள் மன்றமும், தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் தத்தம் துறைகளில் உபகாரச் சம்பளம் வழங்குகின்றன. பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவ்னிங் உபகாரச் சம்பளம் ஓராண்டு முதுநிலைப் படிப்புகளுக்கானது, படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எதற்கு விண்ணப்பித்தாலும் சேவை ஒப்பந்தம் உண்டா, அதை முறித்தால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன்பே, பிணை நிற்கும் உறவினரையும் அருகில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

கடன் வாங்கிப் படிப்பதைப் பற்றி என் கருத்து கறாரானது: திரைக்கதை எழுதிச் சம்பாதித்துத்தான் கடனை அடைக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் அந்தக் கடனை வாங்காதீர்கள். வேறொரு வேலையின் சம்பளத்தில் அடைக்க முடியுமென்றால் யோசிக்கலாம்.

படித்து முடித்தபின் தமிழில் எழுத இங்கே வாய்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது, சந்தை சிறியது. வசந்தம் 2008 அக்டோபரில் தனி ஒளிவழியானது முதல் தொடர் நாடகங்கள், தொலைக்காட்சிப் படங்கள், ஆவண நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கு எழுத்தாளர்கள் தேவைப்பட்டு வருகிறார்கள்; பெரும்பாலான வாய்ப்புகள் தயாரிப்பு நிறுவனங்கள் வழியாகவே வரும் என்பதால், அவர்கள் ஒரு கதைத் திட்டத்தைத் தயாரிக்கும்போதே கூட உட்கார்ந்து எழுதிக் கொடுக்கக்கூடியவருக்கு மதிப்பு உண்டு. அங்கே யாரும் பட்டச் சான்றிதழைக் கேட்பதில்லை. புதன்கிழமை சொன்ன திருத்தத்தை வெள்ளிக்கிழமைக்குள் முடிப்பாரா என்றுதான் பார்ப்பார்கள்.

முழுநீளப் படங்களைப் பொறுத்தவரை சிங்கப்பூரில் தமிழ் பேசும் படம் உலக மேடை ஏற முடியும் என்பது நடந்து காட்டிய ஒன்று. எரிக் கூ இயக்கி, தமிழ் வசனங்களோடு வந்த 'மை மேஜிக்' 2008இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குத் தேர்வானது. கே. ராஜகோபாலின் 'ஏ யெல்லோ பேர்ட்' 2016இல் அதே விழாவின்போது நடக்கும் 'விமர்சகர் வாரம்' என்ற பிரிவில் திரையிடப்பட்டது. இரண்டிலும் இயக்குநரே திரைக்கதையில் பங்கேற்றிருக்கிறார். எழுத மட்டும் செய்வேன் என்று நிற்பவரைவிட, ஓர் இயக்குநரோடு நெடுநாள் இணைந்து வேலை செய்பவருக்கே இங்கே வழி திறக்கிறது என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

மற்றபடி அரசாங்க அமைப்புகளின் குறும்படங்கள், வசன வரிகள் தயாரித்தல், பள்ளிகளில் நாடகப் பயிலரங்கு, மேடை நாடகம் என்று வருமானம் பல சிறு ஓடைகளாகத்தான் வரும்.

நான் எழுதிய கதையை யாராவது எடுத்துக்கொண்டால்?

சிங்கப்பூரில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறை இல்லை. எழுதிய கணத்திலேயே பாதுகாப்பு தொடங்கி, ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பிறகு 70 ஆண்டுகள் நீடிக்கிறது. 2021 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையையும் சேர்த்தது. ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்கே. சுயேச்சையாக எழுதினால் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுவே செல்லும் என்பதால், உரிமையை முழுமையாக ஒப்படைக்கிறீர்களா, குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த மட்டும் அனுமதிக்கிறீர்களா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். வெறும் கருவுக்குப் பாதுகாப்பு இல்லை, எழுதிய வடிவத்துக்குத்தான். காப்பிக்கடையில் வாயால் சொன்ன கதையை நிரூபிப்பது கடினம், தேதியோடு மின்னஞ்சலில் அனுப்பிய சுருக்கத்தை நிரூபிப்பது எளிது. சென்னையில் வேலை செய்கிறவர்கள் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் கதையைப் பதிவு செய்வது வழக்கம்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் காலத்தில் இதைப் படிப்பது வீண் அல்லவா?

அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில், இயந்திரம் உருவாக்கிய உரையை எழுத்தாளரின் படைப்பாகக் கருதக்கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரை வற்புறுத்தக்கூடாது என்ற விதிகள் இடம்பெற்றன. சிங்கப்பூரில் அத்தகைய சங்கப் பாதுகாப்பு எழுத்தாளர்களுக்கு இல்லை. ஆகவே வழக்கமான வசனத்தை விரைவாக எழுதித் தரும் வேலை குறையும் என்றே நினைக்கிறேன். மேலே சொன்ன அம்மா மகன் காட்சியை இயந்திரத்திடம் கேட்டுப் பாருங்கள்; முதல் படியை எளிதாகத் தந்துவிடும். அதில் என்ன குறை என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் இனி உங்களுக்குக் கிடைக்கும் சம்பளத்தைத் தீர்மானிக்கும்.

நாற்பது வயதுக்கு மேல் சேரலாமா?

சேரலாம். வயது வரம்பு பெரும்பாலும் இல்லை.

பட்டத்துக்குப் போகாமல் இங்கேயே இருந்து கற்க என்ன வழி?

சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழா நடத்தும் தென்கிழக்காசியத் திரைப்படப் பட்டறை, முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படத்துக்கான கதைகளை வளர்த்தெடுக்கிறது. மிடில் ரோட்டில் உள்ள அப்ஜெக்டிஃப்ஸ் நிலையம் திரைப்படப் பயிலரங்குகள் நடத்துகிறது. ஆசியத் திரைப்படக் காப்பகம் ஓல்டம் அரங்கில் திரையிடும் பழைய ஆசியப் படங்களை ஒழுங்காகப் பார்த்து வந்தாலே பாதிப் படிப்பு ஆகிவிடும். தேசியக் கலைகள் மன்றத்தின் தங்கமுனை விருதுப் போட்டி தமிழ்ச் சிறுகதைக்கும் கவிதைக்கும் உரியது. திரைக்கதைக்கு அது நேரடியாக உதவாது, ஆனால் கெடுவுக்கு எழுதி முடிக்கப் பழக்கும். ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட் நாடகக் குழு, அகம் நாடகக் குழு போன்றவற்றில் ஒத்திகை பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பை விடாதீர்கள். தான் எழுதிய வரி ஒரு நடிகரின் வாயில் சிக்கிக்கொள்வதைக் கேட்டவர் அடுத்த முறை அப்படி எழுத மாட்டார்.

இடம் கிடைத்துவிட்டது. ஒப்புக்கொள்வதற்கு முன் பள்ளியிடம் என்ன கேட்க வேண்டும்?

ஒரு பயிலரங்கில் எத்தனை மாணவர்கள், என் திரைக்கதையை முழுதாகப் படித்துக் குறிப்பு தருபவர் யார், அவர் இப்போதும் எழுதிக்கொண்டிருப்பவரா, ஒரே திரைக்கதையை எத்தனை முறை திருத்தி எழுத இடம் உண்டு, படிப்பின்போது எழுதியவற்றின் உரிமை மாணவருடையதா பள்ளியுடையதா, நடிகர்களை வைத்து வாய்விட்டுப் படிக்கும் அமர்வுகள் உண்டா, பிறமொழி வசனங்களை எப்படி மதிப்பிடுவார்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். சேர்க்கை அலுவலகத்தோடு நின்றுவிடாமல், சென்ற ஆண்டு முடித்த மாணவர் ஒருவரைத் தொடர்புபடுத்தும்படியும் கேளுங்கள். தட்டிக்கழித்தால் அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளலாம். மாணவர் பேச ஒப்புக்கொண்டால், ஆசிரியர்கள் எப்படி என்று கேட்பதோடு, வகுப்பில் மற்றவர்கள் அவருடைய பக்கங்களைப் படித்துவிட்டு வந்தார்களா என்றும் மறக்காமல் கேளுங்கள்.